கொழும்புக் கரையில் மணலும் பழைய சுவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காக்கைத்தீவு தொடக்கம் கல்கிசை வரையான கரையில் காலை மாலை நடப்பவர்களும், கரையோரம் குடியிருப்பவர்களும் அடிக்கடி கேட்பவை இங்கே உள்ளன. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குப் பொறுமை வேண்டும்.

போன வாரம் வரை வெறும் மணலாக இருந்த இடத்தில் ஒரு பழைய கற்சுவர் தெரிகிறது. கடல் கொண்டுவந்து போட்டதா?

இல்லை. சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மணல்தான் இறங்கிவிட்டது. கொழும்பு போன்ற திறந்த கரையில் கடும் அலை தொடர்ந்து அடித்தால் சில நாட்களிலேயே மணல் மட்டம் ஒரு மீற்றரும் அதற்கு மேலும் இறங்கும். ஆண்டுக்கணக்கில் புதைந்திருந்த அத்திவாரம், பழைய வடிகால் குழாய், உடைந்த படிக்கட்டு எல்லாம் அப்போது வெளியே வரும்.

கடல் உருட்டி வந்த துண்டா, கட்டிய இடத்திலேயே நிற்பதா என்று பிரித்தறிய மூன்று அடையாளங்களைப் பாருங்கள். முதலாவது சாந்து: கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்துக்கோடு முறியாமல் ஓடினால் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டாவது விளிம்பு: உருண்டு வந்த துண்டின் எல்லா முனையும் மழுங்கியிருக்கும். நின்ற சுவரில் கடல் பார்த்த முகம் மட்டும் தேய்ந்து, கரை பார்த்த முகம் கூராக இருக்கும். மூன்றாவது நிறம். கிட்டப்போய்ப் பார்த்தால் சுவரில் படுக்கையாக ஒரு கோடு தெரியும். அதற்கு மேலே பாசியும் கொட்டலசும் ஒட்டிக் கருத்திருக்கும், கீழே கல் வெளிறிச் சுத்தமாக இருக்கும். அந்தக் கோடுதான் நேற்றுவரை மணல் நின்ற மட்டம். ஒரு நாடாவால் கோட்டிலிருந்து இன்றைய மணல் வரை அளந்தால் எவ்வளவு மணல் போயிருக்கிறது என்பது உடனே கையில் வந்துவிடும்.

போன மணல் திரும்பி வருமா?

எந்தத் திசையில் போனது என்பதைப் பொறுத்தது. மணலுக்கு இரண்டு போக்கு உண்டு.

ஒன்று, கரைக்கும் கடலுக்கும் இடையிலான போக்குவரத்து. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக்காற்றுக் காலத்தில் உயரமான, அடுத்தடுத்து வரும் அலைகள் கரை மணலை இழுத்துப்போய்க் கொஞ்சம் ஆழத்தில் திட்டாகச் சேர்க்கும். அலை கரைக்குச் சற்று முன்னாலேயே உடைந்து வெள்ளைக்கோடு போடுகிறதே, பெரும்பாலும் அந்தத் திட்டு அங்கேதான் இருக்கிறது. டிசெம்பரில் கடல் அமைதியானதும் நீண்ட, தாழ்ந்த அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் தள்ளும். போவதற்கு மூன்று நாள், வருவதற்கு மூன்று மாதம். ஜூனில் கரையைப் பார்த்துவிட்டு "கடற்கரை அழிந்துவிட்டது" என்று எழுதுபவர்கள் பெப்ரவரியில் ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது.

மற்றது, கரையோரமாகவே ஓடும் போக்கு. தென்மேற்கிலிருந்து சரிந்து வரும் அலை மணலைக் கரை நெடுக வடக்கே தள்ளுகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மேற்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. இது திரும்பி வராது. தெற்கிலிருந்து புது மணல் வந்தால்தான் ஈடாகும். களுகங்கையும் களனி கங்கையும் கொண்டுவரும் மணல்தான் இந்தக் கரையின் வருமானம். ஆற்றிலே மணல் அள்ள அள்ள அந்த வருமானம் குறையும், செலவோ குறையாது. களனி முகத்துவாரத்துக்கு வடக்கே உஸ்வெட்டகெய்யாவ பக்கம் கடலரிப்பு நெடுங்காலத் தலைவலியாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தையில் பல இடங்களில் மணலே இல்லாமல் கருங்கல் மட்டும் கிடக்கிறதே, ஏன்?

ரயில் பாதைதான் காரணம். கரையோர ரயில் பாதை கொழும்பிலிருந்து தெற்கே 1870களில் நீளத் தொடங்கி 1894இல் காலியை எட்டியது. கடலுக்கு மிக அருகே போட்டதால், அன்றிலிருந்து "இதற்கு மேல் கடல் வரக்கூடாது" என்று ஒரு கோடு விழுந்துவிட்டது. தடையில்லாத கரை கடல் ஏறினால் பின்வாங்கும். பின்னால் உள்ள மேட்டு மணலைக் கடனாக எடுத்துத் தன் சரிவைக் காப்பாற்றிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் கல்லும் தண்டவாளமும் இருந்தால் பின்வாங்க இடமில்லை. முன்பக்கம் தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் கல்லில் நேராக அலை மோதும். மோதிய அலை திரும்பும்போது அடியிலுள்ள மணலையும் வாரிக்கொண்டு போகும்.

இதற்காகக் கல் போட்டதே பிழை என்று சொல்லிவிட முடியாது. பாதையைக் காக்க வேறு வழி இருக்கவில்லை. கல் பாதையைத்தான் காக்கும், கடற்கரையைக் காக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "இவ்வளவு கல் போட்டும் மணல் வரவில்லையே" என்ற ஏமாற்றம்.

கல்லைக் கொட்டினால் போதாதா? ஏன் அது சரிந்து போகிறது?

கொட்டினால் போதாது, அடுக்க வேண்டும். அடியில் மணல் கசியாமல் தடுக்கும் துணி விரிப்பு, அதன்மேல் சிறு கல், அதன்மேல் நடுத்தரக் கல், வெளியே பெருங்கல். ஒவ்வொரு அடுக்கின் கல்லும் அதற்கு மேலுள்ள கல்லின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் இடைவெளி வழியே உள்ளே உள்ளது வெளியே உறிஞ்சப்படாது. சரிவு 1க்கு 1.5 அல்லது 1க்கு 2. அதாவது ஒரு மீற்றர் உயர்வதற்கு ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் அகலம்.

கல்லின் எடையில்தான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். தேவைப்படும் எடை அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அலை உயரம் இரண்டு மடங்கானால் கல் எட்டு மடங்கு கனமாக இருக்க வேண்டும். அமைதியான மாசி மாதத்தில் அசையாமல் கிடந்த கல் ஆனியில் உருண்டோடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

துணி விரிப்பு இல்லாமல் நேரே மணலில் போட்ட கல் உருள்வதில்லை, புதைகிறது. ஒவ்வோர் அலையும் கல்லின் ஓரத்தில் குழி பறிக்கும், கல் குழிக்குள் இறங்கும், மறுபடி குழி. சில பருவங்களில் மேலே எதுவும் தெரியாது. "திருடிவிட்டார்கள்" என்பார்கள். தோண்டிப் பார்த்தால் கல் இரண்டு மீற்றர் கீழே பத்திரமாக இருக்கும்.

செங்குத்தான மதில் சுவர்கள் எப்படி விழுகின்றன?

பெரும்பாலும் கடல் தள்ளி விழுவதில்லை, காலடி போய் முன்பக்கமாகக் கவிழ்கின்றன. சுவரின் அடியில் மணல் இறங்கி அத்திவாரத்துக்குக் கீழே வெற்றிடம் உண்டாகும். பின்னாலுள்ள மண் அந்த வழியாக ஒழுகும். சுவருக்குப் பின்னே புல்தரையில் அல்லது நடைபாதையில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. அதை மண் போட்டு நிரப்பிவிட்டு நிம்மதியாக இருப்பது வழக்கமான தவறு. ஓட்டை கீழே இருக்கிறது, நிரப்பியதும் போய்விடும்.

அடுத்த காரணம் தண்ணீர். பெருமழையில் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி, வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் அந்த நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளும். மூன்றாவது, சுவர் முடியும் முனை. முனைக்கு அப்பால் உள்ள நிலம் வேகமாக அரிக்கப்பட்டு, கடல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்துவிடும். ஒரு வளவுக்காரர் சுவர் கட்டினால் பக்கத்து வளவுக்காரரும் கட்ட வேண்டிவருவது இதனால்தான்.

எந்தப் பொருள் எவ்வளவு காலம் தாங்கும்?

இரும்பு: எப்போதும் நீருக்குள் இருக்கும் இரும்பு மெதுவாகத்தான் போகும், ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். மோசமான இடம் அலைச்சாரல் படும் மட்டம். நனைந்து காய்ந்து நனைந்து, உப்பும் காற்றும் மாறிமாறிப் படுவதால் அங்கே சேதம் பல மடங்கு. காலிமுகத்திடல் போன்ற இடங்களில் இரும்புக் கம்பத்தின் அடி நன்றாக இருக்கும்போதே இடுப்புயரம் இற்றுப்போவது இதனால்.

கொங்கிறீட்: கடல் கொங்கிறீட்டைத் தின்பதைவிட உள்ளிருக்கும் கம்பியே அதை உடைக்கிறது. உப்பு ஊறிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் கொங்கிறீட்டைப் பிளக்கும். முதலில் கம்பி ஓடும் வழியே மயிரிழைக் கோடு, பிறகு பழுப்புக் கறை, பிறகு பத்தை பத்தையாகக் கழன்று விழும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் கழன்ற இடம் பொத்தென்றும் கேட்கும். சாதாரண வீட்டுக்குக் கம்பிக்கு மேல் 25 மில்லிமீற்றர் மூடல் போடும் மேசன் கடற்கரையிலும் அதையே போட்டால் இதுதான் கதி. இங்கே 50க்குக் குறையக்கூடாது. கழுவாத கடல் மணலில் குழைத்திருந்தால் உப்பு வெளியிலிருந்து வரவேண்டியதே இல்லை. கம்பி போடாத பழைய திணிவுக் கொங்கிறீட் நூறாண்டு தாங்கியிருப்பதைப் பார்த்து "அந்தக் காலத்துச் சீமெந்து" என்று பெருமூச்சு விடுவார்கள். பெருமை சீமெந்துக்கு இல்லை, கம்பி இல்லாததற்குத்தான்.

செங்கல்லும் கலிகட் ஓடும் மென்மையானவை. அலையடியில் சில ஆண்டுகளிலேயே தட்டை உருண்டையாகும். கண்ணாடி பல பத்தாண்டு எடுக்கும். முதலில் முனை மழுங்கும், பிறகு மேற்பரப்பு முழுதும் பனிபோல் மங்கும். வெயிலில் பளபளக்கும் துண்டு புதியது, காலைக் கிழிக்கும்.

மரத்தைத் தின்பது அலையல்ல, கப்பற்புழு. புழு என்கிறோம், உண்மையில் அது மட்டி இனம். வெளியே குண்டூசித் துளை, உள்ளே விரல் தடிப்புச் சுரங்கம். வெப்பக் கடலில் பதப்படுத்தாத மென்மரம் ஓரிரு ஆண்டில் தேன்கூடாகிவிடும். அதே மரம் மணலுக்குள் காற்றுப்படாமல் புதைந்திருந்தால் தலைமுறைகள் கடந்தும் கிடக்கும். வெளியே வந்ததும் எண்ணிக்கை தொடங்கிவிடும்.

நைலோன் வலையும் கயிறும் அப்படித்தான். வெயில் படும் பகுதிதான் நொறுங்கும். மணலுக்குள் உள்ளது கட்டிய நாள் போல இருக்கும்.

அலைதாங்கியும் துறைமுக நகரமும் கரையை மாற்றியிருக்கின்றனவா?

கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள், 1885இல் வேலை முடிந்தது. அதற்கு முன் கப்பல்கள் சோளகத்தில் வெளியே ஆடிக்கொண்டு நின்றன. கடலுக்குள் நீளும் எந்தக் கட்டும் வடக்கே ஓடும் மணலுக்குக் குறுக்கே நிற்கும். தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். எந்த ஊர்க் குறுக்கணையைப் பார்த்தாலும் மணல் எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது என்பதை வைத்தே அங்கே ஓட்டம் எங்கிருந்து எங்கே என்று சொல்லிவிடலாம். துறைமுக நகரம் அதே வட்டாரத்தில் கடலுக்குள் 269 ஹெக்டேயர் சேர்த்தது, நிரப்பும் வேலை 2019 ஜனவரியில் முடிந்தது. அங்கே உள்ள கடற்கரை மனிதர் போட்டது. வெளியே கல்லணை இருப்பதால் நிற்கிறது.

கல்கிசையில் 2020இல் கொட்டிய மணல் ஏன் நிற்கவில்லை?

ஆழ்கடலில் இருந்து மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டினார்கள். அகன்ற கரையில் பெரும் பகுதி சில வாரங்களிலேயே கண்ணிலிருந்து மறைந்தது, பெரிய சர்ச்சையும் எழுந்தது. இயக்கம் எளிது. இயந்திரம் கொட்டும் மணல் செங்குத்தாக, கரைமேல் மட்டும் குவியும். அலைக்கு வேண்டிய சரிவோ நீருக்குள் பல மீற்றர் ஆழம் வரை நீள்வது. அந்தச் சரிவு உருவாகும்வரை மேலே உள்ளதை எடுத்துக் கீழே பரப்பும். எனவே ஒரு பங்கு மறைவது எதிர்பார்க்கத்தக்கதே. அதுவே முழுப் பதிலும் ஆகாது. சோளகம் தொடங்கும் வேளையில் கொட்டினால் அலை பரப்புவதோடு நிற்காமல் வடக்கேயும் தள்ளிவிடும். மணல் துணிக்கை இயற்கை மணலைவிட நுண்ணியதாக இருந்தால் இன்னும் வேகம். எங்கள் கணிப்பில், மணல் கொட்டுவது மருந்துபோல. வேளை, அளவு, மறு வேளை மூன்றும் வேண்டும். ஒருமுறை கொட்டிவிட்டுக் கைகழுவும் திட்டத்துக்குப் பணம் போடாதிருப்பதே மேல்.

மணலில் கறுப்புக் கோடுகள், எண்ணெய்க் கசிவா?

விரலில் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால், மணத்தால் எண்ணெய். உலர்ந்து உதிர்ந்தால் இல்மனைட் முதலிய கனமான தாதுமணல், இடையே சிவப்பாகக் கார்னெட்டும் இருக்கும். அலை இலேசான மணலைக் கொண்டுபோய்க் கனமானதை விட்டுவிட்டது. கறுப்புப் படை தடிப்பாக இருந்தால் அண்மையில் அங்கே நல்ல அரிப்பு நடந்திருக்கிறது.

நீருக்குள் தளம் போட்டதுபோல் தட்டையான பாறை தெரிகிறதே, பழைய இறங்குதுறையா?

பெரும்பாலும் மணற்பாறை. வற்றுக்கும் (கடல்மட்டம் இறங்கும் வேளை) பெருக்குக்கும் (அது ஏறும் வேளை) இடையில் கிடக்கும் மணலைச் சுண்ணாம்பு ஒட்டவைத்து இறுக்கிவிடும். கரைக்கு இணையாகப் பலகை பலகையாகக் கிடந்து, கடல் பக்கம் இலேசாகச் சரியும். விரிசல்கள் நேராக ஓடுவதால் வெட்டிப் போட்ட கல் என்று தோன்றும். இது பல பத்தாண்டிலேயே உருவாகக்கூடியது. போத்தல் துண்டும் ஆணியும் பதிந்த பாறைகள் உலகின் பல கரைகளில் கிடைத்திருக்கின்றன. அதை உடைத்து எடுக்காதீர்கள். அலையை முதலில் வாங்குவது அதுதான்.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களின் வாய் ஏன் மணலால் அடைபடுகிறது?

மழை குறைந்த காலத்தில் கால்வாய் நீருக்கு மணலைத் தள்ளும் வேகம் இல்லை, அலைக்கு உண்டு. அடைத்த மேட்டைப் பெருமழைக்கு முன் வெட்டிவிடாவிட்டால் உள்ளே தாழ்நிலத்தில் நீர் ஏறும். வற்றின்போது ஒடுக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், ஓடும் நீர் தானே அகலப்படுத்திக்கொள்ளும். பெருக்கின்போது வெட்டினால் கடல்நீர் உள்ளே வந்து மணலையும் கொண்டுவந்து மறுபடி அடைக்கும். புதிதாக வெட்டிய வாயின் விளிம்பில் நிற்கக்கூடாது, அடிபறிந்து பொலபொலவென்று சரியும்.

எங்கள் கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று நாங்களே அளக்கலாமா?

அளக்கலாம். செலவு அநேகமாக இல்லை. ஒன்றரை மீற்றர் நீளமுள்ள இரண்டு தடிகள், உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சென்டிமீற்றர் குறி. இரண்டு மீற்றர் கயிறு. இருவர்.

1. அசையாத ஓர் இடத்தில் தொடங்குங்கள்: மதகின் மூலை, பாலத்தின் கல். தென்னை வேண்டாம், அதுவே விழலாம்.
2. ஒரு தடியை அங்கேயும் மற்றதைக் கயிறு இறுக்கமாக இருக்கும்படி கடல் பக்கத்திலும் நிறுத்துங்கள்.
3. கரைத்தடிக்குப் பின்னால் நின்று, கடல்தடியின் உச்சியும் அடிவானமும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணைத் தாழ்த்துங்கள். அந்தக் கோடு கரைத்தடியை எந்தக் குறியில் வெட்டுகிறதோ அதுவே அந்த இரண்டு மீற்றரில் ஏற்பட்ட இறக்கம்.
4. தரை கடல் பக்கம் உயர்ந்தால் தலைகீழ்: கரைத்தடியின் உச்சியையும் அடிவானத்தையும் சேர்த்து, கடல்தடியில் வாசியுங்கள்.
5. கரைத்தடியை முன்னே நகர்த்தி, நீர் விளிம்புவரை தொடருங்கள்.

மாதம் ஒருமுறை, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், வற்று நேரத்தில் செய்யுங்கள். வற்று நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளும், ஆகவே அட்டவணையைப் பாருங்கள். வழக்கமான பிழை, தடி ஈரமணலில் இறங்குவது. அடியில் தகர மூடி ஒன்றை ஆணி அடித்துவிடுங்கள். ஒவ்வொரு வாசிப்பிலும் ஒரு சென்டிமீற்றர் தவறினால் இருபது வாசிப்பில் இருபது சென்டிமீற்றர் ஆகும். அவசரப்படாதீர்கள்.

பழைய படத்தையும் செய்மதிப் படத்தையும் ஒப்பிட்டால் போதாதா?

கொழும்பில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே வித்தியாசம் பெரும்பாலும் 0.6 மீற்றர் அளவுதான். ஆனால் கரையின் சரிவு பத்துக்கு ஒன்று என்றால் அந்த 0.6 மீற்றர் நீர்விளிம்பை 6 மீற்றர் நகர்த்திவிடும். பருவ மாற்றம் வேறு. நேரமும் மாதமும் தெரியாத இரண்டு படங்களை வைத்து "எட்டு மீற்றர் போய்விட்டது" என்று சொல்ல முடியாது. நீர்விளிம்பை விட்டுவிட்டுக் கொடி வளரும் எல்லையை ஒப்பிடுங்கள். அது அவ்வளவு சீக்கிரம் நகராது.

வெள்ளை மணி மணியாகப் பிளாஸ்டிக் இன்னும் கிடைக்கிறதே?

2021 மே 20இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, பின்னர் மூழ்கியது. அதிலிருந்து 1,600 தொன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. அவை இப்போது மணலோடு மணலாக அடுக்குகளில் புதைந்துள்ளன. அரிப்பு வந்தால் வெளியே வரும், மணல் ஏறினால் மறையும். "இம்முறை அதிகம்" என்றால் புதுக் கசிவு என்று எண்ண வேண்டாம், முதலில் மணல் மட்டத்தைப் பாருங்கள். பிரிக்க, வாளியில் கடல்நீர் நிரப்பி மணலைப் போட்டுக் கலக்குங்கள். மணல் அடியில், மணி மேலே. நுண்வலையால் அள்ளுங்கள். கருகிய, கட்டியான துண்டுகளை வெறுங்கையால் தொடாதீர்கள்.

கரையைக் காக்க மரம் நடலாமா?

மரத்துக்கு முன் கொடி. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடு கட்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு கணு மணலில் புதைந்தால் அங்கேயே வேர்விடும். முழநீளத் துண்டுகளை மாரி தொடக்கத்தில், உயர்நீர்க் கோட்டுக்கு மேலே, பாதி புதைத்து வையுங்கள். பின்னால் தாழை, அதற்கும் பின்னால் பூவரசு. கடலரிப்பு உண்மையாகவே நடக்கும் இடத்தில் கொடி அலையைத் தடுக்காது. கல் மட்டும் கிடக்கும் இடத்தில் நட்டு ஏமாறவும் வேண்டாம். துப்புரவு என்ற பெயரில் இயந்திரத்தால் கரையை வழித்து இந்தக் கொடியை வேரோடு அகற்றுவதுதான் நாம் காணும் பெரிய கெடுதல்.

எங்கள் வளவு கடலைப் பார்த்தது. சொந்தச் செலவில் சுவர் கட்டலாமா? கரையில் வினோதமாக ஏதாவது கண்டால்?

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடல் பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதி வேண்டும். விண்ணப்பத்துடன் மேலே சொன்ன மாதாந்த அளவுகளையும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்களையும் சேர்த்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

பழைய பீங்கான், நாணயம், கல்வெட்டு போன்றவை தெரிந்தால் தோண்டாமல் அதே இடத்தில் வைத்துப் படமெடுத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பொருளைவிட அது கிடந்த அடுக்குக்குத்தான் மதிப்பு அதிகம். துருப்பிடித்த உருளை, பூண்போட்ட குழாய் என்று வெடிபொருளை ஒத்த எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்காமல் விலகி 119ஐ அழையுங்கள். 1917இல் ஜெர்மனியின் வுல்ஃப் கப்பல் விதைத்த கண்ணிகளில் சிக்கி இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு வெளியே மூழ்கின. இந்தக் கடலடியில் கிடப்பவை எல்லாம் சிப்பியும் சங்கும் மட்டுமல்ல.